புல்லுக்கும் ஒரு தண்ணீர்க் கணக்கு வேண்டும்!

காவிரித் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரி 16-ந் தேதி சொன்ன தீர்ப்பின்படி, சாதாரண மழை ஆண்டில் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. தண்ணீர் நமக்கு வந்தாக வேண்டும். மேட்டூர் அணையின் மட்டம் எத்தனை அடி என்று தினந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. குறுவை எத்தனை ஏக்கர், சம்பா எத்தனை ஏக்கர், தாளடி எத்தனை ஏக்கர் என்று சர்க்கார் கணக்கு எழுதுகிறது. நெல்லுக்குக் கணக்கு உண்டு. கரும்புக்குக் கணக்கு உண்டு. வாழைக்கும் கணக்கு உண்டு.

கணக்கில் ஏறாத பயிர் ஒன்று இருக்கிறது. அதுதான் புல்.

புல்லை யார் நம்பியிருக்கிறார்கள்? நிலம் உள்ளவரிடம் வைக்கோல் போர் இருக்கிறது. தீவனம் வாங்கக் காசும் இருக்கிறது. நிலமில்லாத விவசாயத் தொழிலாளியிடம் இருப்பது ஒரு கறவை மாடும் இரண்டு ஆடுகளும்தான். நடவும் களையெடுப்பும் இல்லாத மாதங்களில் அடுப்பு எரிவது அந்தப் பாலை ஊற்றிய காசில்தான். அந்த மாடு தின்பது வரப்புப் புல், வாய்க்கால் கரைப் புல், ஏரி உள்வாய்ப் புல். அந்தப் புல் முளைப்பதும் அழுகுவதும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த மட்டத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் தொழிலாளிக்கு நாற்காலியும் இல்லை, நாக்கும் இல்லை. நாம் பேச வந்த விஷயம் இதுதான்.

உய்யக்கொண்டானும் அரியமங்கலமும்

திருச்சிக்காரர்களுக்கு உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராஜராஜ சோழனின் பட்டப் பெயர்களில் ஒன்றைத் தாங்கிய வாய்க்கால் அது. பேட்டைவாய்த்தலை அருகே காவிரியில் பிரிந்து, திருச்சி நகரத்தின் நடுவே புகுந்து, அரியமங்கலம், திருவெறும்பூர் வழியாக வாழவந்தான்கோட்டை ஏரி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடுகிறது. சுமார் 32,000 ஏக்கர் ஆயக்கட்டு அதற்குச் சொல்லப்படுகிறது.

அரியமங்கலம் இந்த வாய்க்காலின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. பள்ளமான நிலம், முன்பு வயற்காடு. நகரம் கிழக்கே நகர்ந்தது, வயல் மனையாயிற்று, 1994-ல் மாநகராட்சி பிறந்தபோது ஊரும் அதற்குள் போயிற்று. நகரத்துக் குப்பை முழுவதையும் கொட்டுவதற்கும் இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 47 ஏக்கர் பரப்பில் பல்லாண்டுகள் குப்பை மலையாகக் குவிந்தது. இன்று பஸ்ஸில் "பால்பண்ணை" என்று கேட்டால் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிடுவார். பேர் இருக்கிறது, பசு மேய்ந்த பசுந்தரையைத்தான் காணோம்.

எஞ்சியுள்ள வயல்களிலும், திருவெறும்பூர் பக்கத்துக் கிராமங்களிலும், வாய்க்கால் கரை நெடுகிலும் இன்றும் மாடு வைத்துப் பிழைப்போர் உண்டு. அவர்களுக்கு மேலே நகரம், கீழே ஏரி. மேலேயிருந்து வருவதில் பாதி சாக்கடை. ஆற்றில் தண்ணீர் நிறுத்தினாலும் சாக்கடை நிற்பதில்லை. ஆகவே வாய்க்கால் காய வேண்டிய காலத்தில் காய்வதில்லை. நல்ல தண்ணீர் ஓட வேண்டிய காலத்தில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வழியை மறிக்கின்றன.

ஒரு சாண் மட்டம் செய்யும் வேலை

தண்ணீர் மட்டம் என்றால் என்ஜினீயர்கள் மட்டும் பேசும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். மண்வெட்டி பிடித்த எவருக்கும் அது தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வயலைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றால்தான் மடை வழியே பாயும். அதே வாய்க்கால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலைவிட உயர்ந்து நின்றால் வயல் தண்ணீர் வடியாது. பாய்வதற்கு உதவிய அதே ஒரு சாண், வடிவதற்கு எதிரியாகிவிடுகிறது.

"காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். நெல்லுக்குச் சொன்ன அந்த வார்த்தை புல்லுக்கு இன்னும் பொருத்தம். பயிரின் வேர் காற்றை வாங்க வேண்டும். தண்ணீர் நாள்கணக்காகத் தேங்கினால் மண்ணில் காற்று இல்லை. வேர் மூச்சு முட்டுகிறது. தேக்கம் நிரந்தரமாகிவிட்டால் மாடு விரும்பும் மெல்லிய புல் பின்வாங்குகிறது. மாடு வாய்வைக்கத் தயங்கும் கோரையும் சம்பும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பார்வைக்குப் பச்சைப்பசேல் என்றிருக்கும். மாட்டின் வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

ஈரம் ஊறிய தரையில் மாட்டை விட்டால் குளம்பு பதிந்து தரை சேறாகிறது. மிதிபட்ட புல் மறுபடி தலையெடுக்க நெடுநாள் பிடிக்கிறது. குளம்பிடுக்கு ஊறிப் புண்ணாகிறது. எல்லாவற்றிலும் கொடியது ஈரல் புழு. அந்தப் புழு தேங்கிய தண்ணீரில் வாழும் நத்தையின் உடம்பில் வளர்கிறது. அங்கிருந்து வெளிவந்து புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. மாடு இளைக்கிறது, பால் வற்றுகிறது, தாடையில் வீக்கம் காண்கிறது. மருந்து கொடுக்கலாம், ஆனால் தேக்கம் போகாதவரை நத்தை போகாது, நத்தை போகாதவரை புழுவும் போகாது.

மட்டம் மிகவும் தாழ்ந்தால் என்ன? புல் கருகுகிறது, கிணறு வற்றுகிறது, ஏரி உள்வாய் வெடித்துச் சீமைக்கருவேல் ஏறுகிறது. ஆகக் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. காலத்துக்குத் தகுந்த மட்டமே வேண்டியது.

எருமை பள்ளத்து நிலத்துப் பிராணி. தண்ணீரில் புரண்டு, முரட்டுப் புல்லைத் தின்று, கெட்டிப் பால் தரும். தமிழ்நாட்டில் 2012-ல் ஏறத்தாழ 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் 5.2 லட்சம்தான். ஏழே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்குக் காரணம் பல உண்டு. மேயக் குட்டையும் பள்ளத்துப் புல்லும் இல்லாமற் போனது அவற்றில் ஒன்று என்பதை எருமை வளர்த்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

தேதியும் ஒரு மட்டம்தான்

மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934 முதல் ஜூன் 12-ல் திறப்பது, ஜனவரி 28-ல் மூடுவது என்பது காவிரிப் பாசனத்தின் வழக்கமான முறை. இந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் நெல்லின் வாழ்க்கை இருக்கிறது. மூடுவதற்கும் திறப்பதற்கும் இடையிலுள்ள நான்கரை மாதத்தில் புல்லின் வாழ்க்கையும் மேய்ப்பவர் வாழ்க்கையும் இருக்கின்றன. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு காவிரிப் படுகைக்கு வருகிறார்கள். தாளும் வரப்புப் புல்லும் ஆட்டுக்கு இரை. இரவில் போடும் கிடை வயலுக்கு எரு. ரூபாயாய் உரக்கடையில் கொட்ட வேண்டியதை ஆடு இலவசமாய்ப் போட்டுவிட்டுப் போகிறது.

தேதி மாறினால் இது முழுவதும் மாறுகிறது. 2022-ல் மே 24-ந் தேதியே அணை திறந்தது. 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. தண்ணீர் முன்னால் வருவது நல்லதே; மழை பொய்த்தால் பின்னால் வருவதும் தவிர்க்க முடியாததே. நாம் கேட்பது வேறு. தேதி மாறும்போது நெல் சாகுபடிக்காரருக்கு விதையும் உரமும் உண்டா என்று சர்க்கார் ஆலோசிக்கிறது. மேய்ப்பவனுக்கு எங்கே இடம், மாட்டுக்கு எங்கே தீவனம் என்று எந்தக் கூட்டத்திலாவது ஒரு வரி பேசியதுண்டா?

கொள்ளிடத்துப் படுகையிலும் இதே கதை. ஆறு காய்ந்திருக்கும்போது கரையோர ஜனங்கள் மாட்டை ஆற்றுக்குள் மேய்க்கிறார்கள். முக்கொம்பில் கதவு திறந்தால் சில மணி நேரத்தில் ஆறு கரைபுரளும். "கால்நடைகளை ஆற்றில் இறக்காதீர்கள்" என்று கலெக்டர் அறிக்கை வரும். அறிக்கை பத்திரிகைக்கு வருகிறது. மாடு மேய்க்கும் கிழவியின் காதுக்கு வருகிறதா?

முக்கொம்பு சொல்லும் சரித்திரம்

மட்டம் என்பது அதிகாரம். முக்கொம்பே இதற்குச் சாட்சி. கொள்ளிடத்தின் தரை காவிரியின் தரையைவிடத் தாழ்ந்தது. ஆகவே தண்ணீர் கொள்ளிடம் பக்கமே சாய்ந்து, காவிரி மணல் மூடித் தஞ்சை வயல்கள் தவித்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். உடனே நிலைமை தலைகீழாயிற்று. காவிரி அளவுக்கு மிஞ்சித் தண்ணீரை இழுத்துக்கொண்டு தன் தரையையே அரிக்கத் தொடங்கியது. பிறகு அணையின் தலையைச் சில இடங்களில் தாழ்த்தினார்கள்; காவிரித் தலைப்பிலும் தரையணை போட்டார்கள். சில அடி உயர்வு தாழ்வில் ஒரு ஜில்லாவின் சோறு நிர்ணயமாகிறது. காட்டனின் எஜமானர்கள் இதைச் செய்தது ஜனங்களின் பசிக்கு இரங்கி அல்ல. நிலவரி தடையின்றி வர வேண்டும் என்பதே கம்பெனியின் கணக்கு. நெல்லுக்கு வரி உண்டு, ஆகவே நெல்லுக்குக் கணக்கு வந்தது. புல்லுக்கு வரி இல்லை, ஆகவே கணக்கும் இல்லை. வெள்ளைக்காரன் போனான், அவன் கணக்குப் புத்தகம் போகவில்லை.

182 ஆண்டுகள் நின்ற அந்த மேலணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு அடித்துக்கொண்டு போயின. அதே மாதம் திருச்சிக் கொள்ளிடத்தின் பழைய பாலத்தில் தூண்கள் சரிந்தன. மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியளவில் தண்ணீர் புரண்டு கடலுக்குப் போனது. அந்த நாளிலும் டெல்டாவின் கடைமடை ஊர்கள் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்தன. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆற்றில், ஒரே மாதத்தில்! மணலை லாரி லாரியாக அள்ளி ஆற்றின் தரையைத் தாழ்த்தினால், வாய்க்கால் தலைப்பு மேட்டில் நிற்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. முக்கொம்பில் இப்போது புதிய கதவணை வந்துவிட்டது. மாயனூரில் 2014 முதல் கதவணை இருக்கிறது. கதவணை வேண்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் கதவை யாருக்காக, எப்போது, எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்வி கான்கிரீட்டால் தீராது.

மணிப்பூரும் ஹாலந்தும்

மணிப்பூரில் லோக்தக் என்றொரு பெரிய ஏரி. மழையில் விரிவதும் கோடையில் சுருங்குவதும் அதன் சுபாவம். சுருங்கும்போது வெளிப்படும் ஈரநிலத்தில் ஜனங்கள் பயிரிட்டார்கள், மாடு மேய்த்தார்கள். மின்சாரத்துக்காக 1983-ல் இத்தாய் அணையை இயக்கி, ஏரியின் மட்டத்தை ஆண்டு முழுவதும் உயர்த்தி வைத்தார்கள். சுற்றியிருந்த விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் தண்ணீருக்குள் போயின. ஏரியில் மிதக்கும் புல் திட்டுகள் முன்பு கோடையில் தரைதட்டி உரம் பெற்றுத் தடித்தன. இப்போது ஆண்டெல்லாம் மிதந்தே மெலிகின்றன. அவற்றை நம்பி வாழும் சங்காய் மானுக்கும் ஆபத்து. மின்சாரம் 105 மெகாவாட். அதன் கணக்கு தெரிகிறது. போன புல்லின் கணக்கை வாழ்விழந்தவர்கள் மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

ஹாலந்தில் பசும்புல் தரையே விவசாயம். பால் அதன் செல்வம். மாடும் டிராக்டரும் இறங்க வேண்டுமென்று பள்ளத்து மட்கு நிலத்தில் தண்ணீர் மட்டத்தைத் தாழ்த்தினார்கள். புல் நன்றாக வந்தது. ஆனால் காய்ந்த மட்கு காற்றில் கரைந்து, பல இடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தரை இறங்குகிறது. தரை இறங்க, மட்டத்தை இன்னும் தாழ்த்த வேண்டும். தாழ்த்த, தரை இன்னும் இறங்கும். இன்று மட்டத்தை ஓரளவு உயர்த்துவதா வேண்டாமா என்று அங்கே பெரும் வாதம் நடக்கிறது. கவனிக்க வேண்டியது இது: அந்த வாதம் 13-ம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து வரும் தண்ணீர் சபைகளில், ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த சபைகளில் நடக்கிறது.

இங்கே? 2000-ல் பாசன முறைமைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம் வந்தது. நல்ல பெயர். ஆனால் அதில் அங்கத்தினர் கணக்கு நிலத்தை வைத்துத்தான். வாய்க்காலில் தூர் அள்ளியவன், வரப்பு வெட்டியவன், நாற்று நட்டவள், கரையில் மாடு மேய்ப்பவள் எவருக்கும் அதில் இடமில்லை. தண்ணீரில் நின்று வேலை செய்பவருக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச உரிமையில்லை!

இரண்டு ஆட்சேபணைகள்

"நெல்லுக்கே தண்ணீர் போதவில்லை, புல்லுக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கிறார்கள். இது நியாயம் போல் தோன்றும். ஆனால் கேள்வியே தவறு. புல்லுக்கென்று ஒரு டி.எம்.சி. கூட நாம் கேட்கவில்லை. வடிகால் திறந்திருந்தால் நெல்லும் பிழைக்கும், புல்லும் பிழைக்கும். ஏரியில் கோடைக்கு ஒரு குறைந்தபட்ச மட்டம் நின்றால் கிணறும் பிழைக்கும், மாடும் பிழைக்கும். நெல்லுக்கும் புல்லுக்கும் சண்டை இல்லை. சண்டை இருப்பது தலைமடையில் மதகைக் கையில் வைத்திருப்பவனுக்கும் கடைமடையில் காத்திருப்பவனுக்கும். வடிகாலை மூடி மனை போட்டு விற்றவனுக்கும் அந்த மனையில் கடன் வாங்கி வீடு கட்டியவனுக்கும்.

"நாங்கள் மில்லில், பட்டறையில் வேலை செய்கிறவர்கள், எங்களுக்கு இதில் என்ன?" என்று தொழிலாளித் தோழர்கள் கேட்கலாம். அரியமங்கலத்தில் நம் வீடுகள் எங்கே இருக்கின்றன? முன்னாள் வயலில். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சி வெள்ளத்தில் மிதந்ததை மறக்க முடியுமா? வயல் தண்ணீர் வடியாத மட்டத்தில் வீட்டுத் தண்ணீரும் வடியாது. புல்லை அழுகச் செய்யும் தேக்கமே நம் குழந்தைக்குக் கொசுவையும் காய்ச்சலையும் தருகிறது. பாலின் விலை ஏறினால் அது நம் சம்பளத்திலிருந்துதான் போகிறது. வாய்க்காலின் இரு கரையிலும் இருப்பது ஒரே வர்க்கம். ஒருவர் கையில் புல்லரிவாள், இன்னொருவர் கையில் ஸ்பானர், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாம் கோருவது

ஒன்று: மேட்டூர் திறக்குமுன் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவை, வாய்க்காலோடு வடிகாலையும் தூர் வார வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையும் வெட்டி எடுத்துக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகாமல் அப்புறப்படுத்த வேண்டும். வடிகாலின் மேல் மனைக்கு அனுமதி கூடாது.

இரண்டு: ஏரிகளிலும் வாய்க்காலிலும் எந்த மாதத்தில் எந்த மட்டம் என்று எழுதி, மதகருகே ஜனங்கள் பார்க்கும் இடத்தில் பலகை வைக்க வேண்டும். கதவு திறக்குமுன் இரவானாலும் கரையோரத்தில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

மூன்று: மேய்க்கால் புறம்போக்கையும் ஏரி உள்வாயையும் அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பில் பெரியவர் நிலத்தை முதலில் மீட்க வேண்டும்; ஏழையின் குடிசையில் கைவைத்துக் கணக்குக் காட்டக் கூடாது. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் புல்லறுக்கும் பழைய உரிமையைக் களைக்கொல்லி மருந்தடித்துப் பறிக்கக் கூடாது.

நான்கு: நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் உய்யக்கொண்டானில் விடுவதை நிறுத்த வேண்டும். சுத்தம் செய்த தண்ணீரில், தேக்கத்தைத் தாங்கும் நீர்ப்புல்லைப் பள்ளத்திலும், தேக்கம் தாங்காத கம்பு நேப்பியரை மேட்டிலும் வளர்த்துக் கூட்டுறவு மூலம் சிறு மாட்டுக்காரருக்குக் கொடுக்கலாம்.

ஐந்து: பாசன சபைகளில் விவசாயத் தொழிலாளருக்கும் மாடு வளர்ப்போருக்கும், அவர்களில் பெண்களுக்கும், ஓட்டுரிமையோடு இடம் வேண்டும்.

ஆறு: நீர்வளத்துறையில் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வேலைகளைக் காலியாகப் போடாமல் நிரப்ப வேண்டும். ஆற்று மணல் கொள்ளையை நிறுத்த வேண்டும்.

ஏழு: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-ல் வந்தபோது திருச்சி, கரூர், அரியலூர் ஜில்லாக்களை வெளியே விட்டார்கள். காவிரி நுழையும் வாசலைத் திறந்துபோட்டு வீட்டுக்குப் பூட்டு எதற்கு? திருச்சியின் பாசனப் பகுதிகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

இவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. மண்வெட்டியும் மதகும் சட்டமும் சேர்ந்தால் ஓராண்டிலேயே பாதி நடக்கும். ஆனால் தானாக நடக்காது. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு கிராமத்திலும் சங்கத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் வாய்க்காலில், உங்கள் ஏரியில் தண்ணீர் எந்த நாளில் எந்த மட்டத்தில் நின்றது, எத்தனை நாள் தேங்கியது, எத்தனை மாடு நோயில் விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அரிச்சுவடி தெரிந்த பிள்ளை போதும். அந்த நோட்டோடு நீர்வளத்துறை ஆபீசுக்கு நூறு பேர் போனால், "கணக்கில் இல்லை" என்று எந்த உத்தியோகஸ்தரும் சொல்ல முடியாது.

கணக்கு அவர்களிடம் இருக்கும்வரை தண்ணீரும் அவர்களிடமே இருக்கும். கணக்கை நாம் எழுதுவோம். நெல்லறுக்கும் கையும் புல்லறுக்கும் கையும் இயந்திரம் ஓட்டும் கையும் சேர்ந்து மதகின் மேல் விழட்டும்!